தரங்கம்பாடியின் பழைய இல்லம்: புதுப்பித்தலைப் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பொறியியலாருக்கும் கொத்தனாருக்கும் உரிய வேலை. அதில் இறையியலாருக்கு என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு சமுதாயம் தன் முன்னோரின் வீட்டை எவ்வாறு பேணுகிறது, எதை மீட்கிறது, எதை மறைக்கிறது என்பவற்றைக் கொண்டே அது தன்னைப் பற்றி என்ன நம்புகிறது என்பதை அறியலாம். நூல்களையும் பாடல்களையும் திறனாய்வு செய்வதுபோல ஒரு வீட்டையும் திறனாய்வு செய்யலாம். வீடும் ஒரு நூலே. அதை எழுதியவர் பலர், திருத்தியவர் பலர், படிப்பவரும் பலர்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, தரங்கம்பாடியில் புதுப்பிக்கப்பட்டு 2017ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட சீகன்பால்கு இல்லம். திருவண்ணாமலையில் திருப்பணியாற்றும் நாம் கடற்கரையூர் ஒன்றின் வீட்டைப் பற்றி எழுதுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இவ்வூரின் சீர்திருத்தச் சபை வாழ்வு டென்மார்க்கு நாட்டோடு தொடர்புடையது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தது அரசரின் மிஷன்; திருவண்ணாமலைப் பகுதியில் பள்ளிகளையும் சபைகளையும் நிறுவியது 1821ஆம் ஆண்டு தோன்றிய டேனிஷ் மிஷனெரி சங்கம். இரண்டும் வேறு வேறு அமைப்புகளே. எனினும், பின்னது முன்னதன் நினைவைத் தன் நினைவாகவே போற்றி வந்தது. இரண்டாவது, பழமையைக் காப்பது என்றால் என்ன என்னும் கேள்வியை இவ்வூர் தன் பெருங்கோயிலின் பொருட்டு 2002ஆம் ஆண்டுமுதல் கூர்மையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறது. அக்கேள்வியின் வெளிச்சத்தில் தரங்கம்பாடி இல்லத்தைப் பார்ப்பது பயன்தரும் என்பது எமது துணிபு.

1. ஊரும் இல்லமும்

1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றனர். டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். 1845ஆம் ஆண்டு அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். வாணிகம் நாகப்பட்டினம் முதலிய இடங்களுக்குப் போயிற்று; இருப்புப்பாதையும் ஊரைப் பெரிய நகரமாக்கவில்லை. வளர்ச்சி விலகிச் சென்றதால் பழைய தெருக்கள் தப்பின. செல்வம் வந்த ஊர்களில் பழைய வீடுகள் இடிந்தன. வறுமை தங்கிய ஊரில் அவை நின்றன. வறுமையை நாம் போற்றவில்லை. ஆனால் இவ்வுண்மையை மறைக்கவும் இயலாது.

ஊரின் மற்றொரு பகைவர் கடல். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மாசிலாமணி நாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. சீகன்பால்கு 1707ஆம் ஆண்டு கட்டிய முதல் எருசலேம் ஆலயமும் நிலைக்கவில்லை; 1718ஆம் ஆண்டு புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் அவர் இறந்து, அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கரையில் வாழ்ந்த மீனவர் குடும்பங்களைச் சிதைத்தது.

இத்தகைய ஊரில் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல பழைய கட்டடங்கள் மீட்கப்பட்டுள்ளன. கடற்கரையோரத்து மாளிகையொன்று மரபு விடுதியாயிற்று. டேனிய ஆளுநர் வாழ்ந்த மாளிகை டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்போடு சீர்செய்யப்பட்டது. இன்டாக் எனப்படும் மரபுக் காப்பு அறக்கட்டளை, கோல்ட்ஸ்மித் தெருவிலுள்ள தமிழ் வீடுகள் சிலவற்றைத் திண்ணையும் முற்றமும் கெடாமல் மீட்டது. சீகன்பால்கு வாழ்ந்த இடமாகப் போற்றப்படும் இல்லமோ, ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள பிராங்கே நிறுவனங்களின் முன்முயற்சியால், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஒத்துழைப்போடு மீண்டும் எழுந்தது. சீர்திருத்தத்தின் 500ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. பண்பாடுகளுக்கிடையேயான உரையாடல் அதன் பொருளாக அறிவிக்கப்பட்டது.

ஆக, ஒரே ஊரில் பழைய வீட்டிற்கு மூன்று வாழ்வுகள் அளிக்கப்பட்டன: தங்குவோருக்கு விடுதி, காண்போருக்குக் காட்சிக்கூடம், கேட்போருக்கு உரையாடல் மனை. மூன்றாவதையே நாம் ஆராய்கிறோம். ஏனெனில் அதுவே மிகுதியாக வாக்களிக்கிறது. மிகுதியாக வாக்களிப்பதையே மிகுதியாகக் கேள்வி கேட்கவும் வேண்டும்.

2. சுண்ணாம்பின் நேர்மை

முதலில் கைத்தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். இறையியலார் பலர் இப்பகுதியைத் தாண்டிச் செல்வர், நாம் தாண்டமாட்டோம். நல்ல கருத்து மோசமான சாந்தில் நிற்காது.

இக்கரையின் பழைய வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்டவை. கடலில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவர். அதை நீரில் நீற்றிப் பல நாட்கள் ஊறவிட்டு, மணலோடு சேர்த்து அரைப்பர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் காரையில் கலப்பதும் உண்டு. மேற்பூச்சு பல படிகளாக ஏறும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட மெல்லியது. இறுதிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது சுவர் பளிங்குபோல் மின்னும். மெட்ராஸ் டெரஸ் என வழங்கும் மாடித்தளமோ, தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இட்டு, பெண்கள் பலர் வரிசையாக அமர்ந்து கட்டைகளால் நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியது. அத்தளத்தின் வலிமை அந்தக் கைகளின் பொறுமையே.

இவ்வீடுகளைச் சிமெண்டால் பழுதுபார்க்கும்போது என்ன நிகழ்கிறது? கடற்காற்றிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பு சுவருக்குள் ஈரமாக ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும் தன்மையது. ஈரத்தை வெளியே விடும். உப்பு பூச்சிலேயே பூத்து உதிரும். பூச்சு தன்னைத் தேய்த்துக்கொண்டு செங்கல்லைக் காக்கும். சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக்கும். வெளியே சுவர் திடமாகத் தோன்றும். உள்ளே அது மாவாகிக்கொண்டிருக்கும். பல ஊர்களில் நம் பழைய ஆலயங்களுக்கு நேர்ந்தது இதுவே. நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்டு, பகைவர் செய்யாததைச் செய்தது.

தரங்கம்பாடியின் மீட்புப் பணிகளில் சுண்ணாம்பிற்கும் பழைய கைத்தொழிலுக்கும் மீண்டும் இடம் அளிக்கப்பட்டது பாராட்டத்தக்கது. இதில் அழகுணர்ச்சிமட்டும் இல்லை, பணிவும் உள்ளது. தானே தேய்ந்து அடுத்ததைக் காக்கும் பூச்சு, சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் பூசப்படவேண்டியது. ஒருமுறை செய்து மறந்துவிடலாம் என்னும் எண்ணத்திற்கு அதில் இடமில்லை. ஊழியத்தைப் பற்றிய பாடம் இதைவிடத் தெளிவாக வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் இங்கே ஓர் அளவுகோலை நாம் முன்வைக்கவேண்டும். நெகேமியாவின் நூலில் மூன்றாம் அதிகாரத்தைப் பலர் பெயர்ப்பட்டியல் என்று கருதிப் படிக்காமல் விடுவர். எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தவர்களின் பட்டியல் அது. பொற்கொல்லர், தைலம் செய்வோர், வணிகர் எனப் பெயர்கள் வருகின்றன. சல்லூம் என்பவனும் அவன் குமாரத்திகளும் வருகின்றனர் (நெகேமியா 3:12). பலர் தத்தம் வீட்டிற்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டினர். வேலைக்குக் கழுத்தைக் குனியாத தெக்கோவாவின் பெரியோரும் குறிக்கப்படுகின்றனர் (3:5). மதிலைப் புதுப்பித்தல் என்பது கல்லை அடுக்குவதோடு முடியவில்லை. அடுக்கிய கைகளின் பெயரைக் காப்பதும் அதில் அடங்கும். உதவிய நிறுவனங்களின் பெயர்கள் எவ்விடத்தும் எளிதில் நினைவுகூரப்படும். காரை அரைத்த சித்தாளின் பெயரும் தளம் தட்டிய பெண்ணின் பெயரும் நம் புதுப்பித்தல்களில் பொறிக்கப்படுகின்றனவா? நம் ஆலயங்களின் அடிக்கற்களை ஒருமுறை படித்துப் பார்த்தால் விடை தெரியும். அவற்றில் நாட்டியவர் பெயர் உண்டு. கட்டியவர் பெயர் இல்லை.

3. எந்த ஆண்டிற்குத் திரும்புவது?

முந்நூறு ஆண்டுகளைக் கண்ட ஊரில் எந்த வீடும் முதலில் கட்டியபடியே நிற்பதில்லை. கூரை மாறும், சுவர் கூடும், வாசல் அடைபடும். அதைப் புதுப்பிக்க வருபவர் எந்த ஆண்டின் வீட்டை மீட்கவேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இதுபற்றிப் பெரும் வாதம் எழுந்தது. கட்டடத்தை அதன் நிறைவான நிலைக்குக் கொண்டுவரவேண்டும், அந்நிலையில் அது எக்காலத்தும் இருந்ததில்லை என்றாலும் சரியே என்று பிரான்சு நாட்டின் வியோலே-லெ-டியூக் கருதினார். அத்தகைய புதுப்பித்தல் பொய் என்று இங்கிலாந்தின் ரஸ்கின் கண்டித்தார். வில்லியம் மாரிஸ் 1877ஆம் ஆண்டு பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கத்தையே தொடங்கினார். 1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனம் நடுவழியொன்றை வகுத்தது: இழந்த பகுதிகளுக்கு மாற்றாக வைப்பவை முழுமையோடு பொருந்தவேண்டும், ஆனால் பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியனவாகவும் இருக்கவேண்டும், வரலாற்றுச் சான்றைப் பொய்யாக்கலாகாது.

இதை வெறும் கட்டடக்கலை விதியாக நாம் கருதவில்லை. எஸ்றா மூன்றாம் அதிகாரத்தில் இரண்டாம் ஆலயத்தின் அடித்தளம் இடப்பட்டபோது, முந்தைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரக்க அழுதனர். மற்றோர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரித்தனர். ஓசை இரண்டும் பிரித்தறிய இயலாதபடி கலந்தன. திருமறை அவ்வழுகையை அடக்கவில்லை. பழையது போயிற்று என்னும் அறிவும் புதியது வந்தது என்னும் மகிழ்வும் ஒருங்கே நிற்கும் இடமே நேர்மையான புதுப்பித்தல். ஒட்டுப்போட்ட இடம் தெரியாதபடி மெழுகிய வீடு, அழுகையைக் கேளாத வீடு.

4. அந்த வீட்டில் ஆசிரியர் யார்?

இப்போது கட்டுரையின் மையக்கேள்விக்கு வருகிறோம். இல்லம் சீகன்பால்குவின் பெயரால் வழங்குகிறது. இது இயல்பே. ஆனால் பெயர் ஒரு வெளிச்சம். வெளிச்சம் விழாத இடம் இருளாகும்.

சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் கரையிறங்கியபோது அவர்களிடம் தமிழ் இல்லை. எழுபது வயது நிறைந்த திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரோடு அவர்களுடைய வீட்டிற்கு வந்து பள்ளியை நடத்த இணங்கினார். அரசர் அனுப்பிய குருமார் இருவரும் தமிழ்ச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கற்றனர். டேனியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பன் என்பவர் அவர்களுக்குப் பேச்சுத் தமிழையும் நூல் தமிழையும் விளக்கினார். தமிழ்ப்புலமை வாய்ந்த இளைஞர் கணபதி வாத்தியார் 1709ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றார். கிறித்தவப் பொருளில் தமிழ்ப்பாக்களும் இயற்றினார்.

ஆகவே அவ்வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் மாணவர் ஐரோப்பியர், ஆசிரியர் தமிழர். இதுவே அவ்வில்லத்தின் தனிச்சிறப்பு என்று நாம் கருதுகிறோம். 1708ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் படித்து விளக்கப் பட்டியல் எழுதினார் சீகன்பால்கு. நீதி வெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1713ஆம் ஆண்டு தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அது வரவேற்கப்படவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது ஹாலேயின் எண்ணமாக இருந்தது. அந்நூல் 1867ஆம் ஆண்டு சென்னையில்தான் அச்சேறிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்தாகவே கிடந்தது. அதே ஹாலே இன்று அவ்வீட்டை உரையாடல் மனையாக மீட்டது. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. திருச்சபை மனந்திரும்பக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

1712 முதல் 1714 வரை தமிழ் இந்துக்கள் மிஷனெரிமாரின் கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 99 கடிதங்களாக ஜெர்மன் மொழியில் ஹாலேயில் வெளியாயின. இறைவனைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் மணவாழ்வைப் பற்றியும் கிறித்தவரின் நடத்தையைப் பற்றியும் அவர்கள் எழுதினர். கிறித்தவ மார்க்கம் நல்லதே, ஆனால் கிறித்தவரின் வாழ்வு அப்படியில்லையே என்னும் கருத்தும் அவற்றில் உண்டு. அக்கடிதங்களின் தமிழ் மூலம் இன்று இல்லை. எழுதியோரின் பெயரும் அச்சில் இல்லை. நம் முன்னோரின் குரல் அயல்மொழியில்மட்டும் பிழைத்திருக்கிறது. சுவரை மீட்கலாம், ஆளுநர் மாளிகையின் தூண்களை மீட்கலாம், இந்தக் குரலை எந்தக் கொத்தனாரும் மீட்க இயலாது. ஜெர்மன் மொழியிலிருந்து மீண்டும் தமிழாக்கிக் கேட்பதே நமக்கு எஞ்சியுள்ள வழி.

எனவே இல்லத்தின் நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதன் பெயரை நிறைவானதாக ஏற்க இயலவில்லை. அங்கே செல்லும் இறையியல் மாணவர், முதலில் அச்சிட்டவர் யார், முதலில் மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்டு மனநிறைவு அடையலாகாது. முதலில் கற்பித்தவர் யார் என்று கேட்கவேண்டும். 1715ஆம் ஆண்டு நிறைவெய்திய தமிழ்ப் புதிய ஏற்பாடு, மணலில் எழுதக் கற்பித்த ஒரு கிழவரின் விரலிலிருந்து தொடங்கிற்று. அவர் பெயரை நாம் அறியோம். பெயரறியாத ஆசிரியருக்குக் கடன்பட்ட திருச்சபையே தமிழ்த் திருச்சபை.

5. மெழுகலாகாத விரிசல்

புதுப்பித்தல் என்னும் கலையில் விரிசல்களைக் கண்டறிதல் முதல் வேலை. அவற்றை நிரப்புமுன் அவை எதனால் தோன்றின என்று அறியவேண்டும். இல்லாவிடில் மேற்பூச்சு உலருமுன் அவை மீண்டும் திறக்கும். தரங்கம்பாடி மரபில் அத்தகைய விரிசல் ஒன்று உண்டு, அது சாதி.

தரங்கம்பாடிச் சபையில் சாதியால் பிரிந்து அமரும் வழக்கம் இருந்தது. 1733 டிசம்பரில் ஆரோன் குருத்துவ அபிஷேகம் பெற்றார். சீர்திருத்தச் சபைகளில் அத்தகைய அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர் அவரே. இதை நாம் பெருமையோடு கற்பிக்கிறோம். ஆனால் அதே தலைமுறையில் இராஜநாயக்கன் என்பவரைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை. தஞ்சை அரசரின் படைவீரராயிருந்து, தமிழ்த் திருமறைப் பகுதியைப் படித்து நம்பிக்கைக்கு வந்து, துன்பங்களுக்கிடையே உபதேசியாராக உழைத்தவர் அவர். அவருக்குக் குருத்துவம் அளிப்பது பற்றி எண்ணியபோது, பறையர் குலத்தவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற மேற்சாதியார் இணங்கமாட்டார் என்னும் காரணம் தடையாயிற்று. அவர் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்தார்.

கடிதம் எழுதியோரோடு உரையாடத் தெரிந்த மிஷன், தன் மேசையைச் சுற்றியிருந்தோரோடு இவ்வுரையாடலை நடத்தவில்லை. ஆதலால் உரையாடல் மனை என்னும் பெயர் இல்லத்திற்கு ஒரு பொறுப்பைச் சுமத்துகிறது. சமயங்களுக்கிடையேயான உரையாடல் எளிது. திருச்சபைக்குள் சாதியைப் பற்றிய உரையாடல் கடினம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தால், அது சுண்ணாம்புச் சுவரின்மேல் பூசிய சிமெண்டே. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டி அலங்கரிப்போரை நம் ஆண்டவர் ஏன் கடிந்தார் (மத்தேயு 23:29-31)? கல்லறையை அவர் வெறுக்கவில்லை. அலங்கரித்த கைகளே கொன்றவர்களின் வழக்கத்தைத் தொடர்ந்ததால் கடிந்தார்.

எவருடைய வீடுகள் மரபாகக் கருதப்படுகின்றன என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வியே. ஆழிப்பேரலைக்குப் பின் தரங்கம்பாடி மீனவருக்கெனத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு புதிய வீடுகளைக் கட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பழைய மாளிகைகளும் மீட்கப்பட்டன. ஒரே ஊர், ஒரே கடற்காற்று. ஆளுநரின் வீடு மரபு, மீனவரின் வீடு நிவாரணம். கோல்ட்ஸ்மித் தெருவின் தமிழ் வீடுகளும் மீட்கப்பட்டதை நாம் பாராட்டுவது இதனாலேயே. மாளிகை மட்டுமன்று, திண்ணையும் மரபே என்று அப்பணி ஏற்றுக்கொண்டது.

6. நினைவுச்சின்னமா, வாழும் மனையா?

இக்கேள்வியை எழுப்பத் திருவண்ணாமலை நமக்குக் கற்பித்தது. 2002ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக எடுத்துக்கொள்ள முற்பட்டது. ஊரார் எதிர்த்தனர், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது, இறுதியில் கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடமே திரும்பிற்று. எதிர்ப்பின் உட்பொருள் எளிது: இது பார்வைப்பொருள் அன்று, நாங்கள் வழிபடும் இடம். நாள்தோறும் விளக்கேறும் இடத்தைச் சின்னம் என்று அழைப்பது, உயிரோடிருப்பவருக்குக் கல்லறை கட்டுவதுபோலாகும் என்று அவர்கள் உணர்ந்தனர்.

வேறு சமயத்தாராகிய நாம் இதில் ஊராரின் உணர்வை மதிக்கிறோம். எனினும் மறுபக்கமும் உண்டு. வாழும் இடம் என்னும் பெயராலேயே தமிழகக் கோயில்கள் பலவற்றில் பழைய தளக்கற்கள் பெயர்க்கப்பட்டுப் புதிய கற்கள் பதிக்கப்பட்டன. மணலை வேகமாகப் பாய்ச்சிக் கல்லைத் துலக்கும் முறையால் கல்வெட்டுகள் தேய்ந்தன. குடமுழுக்கின் மகிழ்ச்சியில் வரலாறு அழிந்த இடங்கள் உண்டு. சின்னமாக்கினால் உயிர் போகிறது. உயிரோடு வைத்தால் நினைவு போகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நடப்பதே கடினம்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவண்ணாமலைக் கோயிலின் குடமுழுக்கு நடந்தது. அதே ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு இல்லம் திறக்கப்பட்டது. இங்கே ஒரு சமயத்தார் தம் மனையைப் புதுப்பித்து மீண்டும் அதனுள் வாழச் சென்றனர். அங்கே நம் சமயத்தாரின் மனை புதுப்பிக்கப்பட்டுக் காண்போருக்குத் திறக்கப்பட்டது. இவ்வேறுபாடு நம்மைச் சற்றுக் கலங்கச்செய்யவேண்டும். அருங்காட்சியகம் தீதன்று. ஆனால் அங்கே மீண்டும் எவரேனும் மணலில் எழுதக் கற்கிறாரா? தமிழ்நாட்டுக் குருமார் ஒருவர் சைவ அறிஞர் ஒருவரின் அருகே மாணவராக அமர்கிறாரா? ஊர் மீனவரின் பிள்ளைகள் அதன் வாசலைத் தமதென்று எண்ணி ஏறுகின்றனரா? இவை நிகழ்ந்தால் இல்லம் வாழ்கிறது. நிகழாவிட்டால், சுண்ணாம்பு எவ்வளவு தூயதாயினும், அது அழகிய கல்லறையே.

யோசுவா யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை நாட்டியபோது, அக்கற்களின் நோக்கம் தெளிவாகச் சொல்லப்பட்டது: பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், பெற்றோர் விடைசொல்லவேண்டும் (யோசுவா 4:6-7). கல் தானாகப் பேசாது. கேட்கும் பிள்ளையும் சொல்லும் பெற்றோரும் வேண்டும். நினைவுச்சின்னம் என்பது முடிந்த விடை அன்று, திறந்துவைத்த கேள்வி.

7. நம் சபைகளின் கடமை

இல்லத்தைப் பற்றிய எமது மதிப்பீட்டைத் தொகுத்துச் சொல்வோம். கைத்தொழிலாக அப்பணி பாராட்டிற்குரியது. மிஷனெரியின் புகழ்மாடமாக்காமல் உரையாடலை அதன் பொருளாக்கியது அறிவுடைமை. அதன் பெயரும் அமைப்பும் இன்னும் விருந்தினரையே முன்னிறுத்துகின்றன. வீட்டிற்கு வந்து கற்பித்தவரைத் தேடும் கடமை பார்வையாளரிடம் விடப்பட்டிருக்கிறது. அனைத்திற்கும் மேலாக, நம் முன்னோரின் வீட்டை மீட்கும் முன்முயற்சி ஹாலேயிலிருந்து வரவேண்டியிருந்தது. அன்பிற்கு நன்றி செலுத்துவோம். ஆனால் இதில் நமக்கு வெட்கமும் இருக்கட்டும்.

எத்தனையோ சேகரங்களில் பழைய மிஷன் பங்களாக்கள் கூரை சரிந்து கிடக்கின்றன. எத்தனையோ ஆலயங்களில் சுண்ணாம்புச் சுவர்கள் சிமெண்டால் மூடப்பட்டன. தேக்குக் கதவுகள் விற்கப்பட்டன. திருமுழுக்குப் பதிவேடுகளைக் கரையான் தின்கிறது. அப்பதிவேடுகளில்தான் பெயரற்றவரின் பெயர்கள் உள்ளன. பெரும்பணம் இல்லாத சேகரமும் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய கட்டடத்தைத் தொடுமுன் அதைப் படம்பிடித்து அளந்து வைக்கலாம். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடலாம். அவரிடம் இளைஞர் இருவரைப் பயிலச் செய்யலாம். பதிவேடுகளைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கலாம். முதல் உபதேசியார், முதல் வேதாகமப் பெண், முதல் பள்ளி ஆசிரியர் ஆகியோரின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். இவை எல்லாம் முடிந்தபின் கல்வெட்டு வைப்பதைப் பற்றி எண்ணலாம். அதிலும் கட்டியவர் பெயர் முதலில் வரட்டும்.

இறையியல் மாணவருக்கு ஒன்று கூறி முடிப்போம். 1716ஆம் ஆண்டு சீகன்பால்கு உள்ளூர் ஊழியரைப் பயிற்றுவிக்கத் தரங்கம்பாடியில் ஓர் இறையியல் பள்ளியைத் தொடங்கினார். கற்பிப்பதற்கு முன் பத்தாண்டுகள் அவரே மாணவராயிருந்தார். நீங்கள் சபைகளுக்குச் செல்லும்போது உங்களுக்கு வீடு ஒன்று அளிக்கப்படும். பழையதாகவும் இருக்கலாம், ஒழுகுவதாகவும் இருக்கலாம். அதன் கூரையைச் செம்மைசெய்யுங்கள். அதைவிட முதன்மையாக, அவ்வூரில் உங்களுக்குக் கற்பிக்கத் தக்கவர் யார் என்று தேடி, அவரை உங்கள் திண்ணைக்கு அழையுங்கள். அவர் உங்கள் சபையாராக இல்லாமலும் இருக்கலாம், எழுத்தறியாதவராகவும் இருக்கலாம். பேதுருவின் நிருபம் கூறும் உயிருள்ள கற்கள் (1 பேதுரு 2:5) கற்றுக்கொள்வதை நிறுத்தாத மனிதரே. அத்தகையோர் வாழாத வீட்டை எந்தச் சுண்ணாம்பும் காக்காது.